மச்சுக்கு ஒரு கம்பளி

1822-இல் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கியதை அடுத்து நீலகிரியெங்கும் எழுந்த பழைய வீடுகளிற் பல, தடித்த சுவரும் கணப்பும் உடையனவாயினும், தகரக் கூரைக்கும் பலகை மச்சுக்கும் இடையே வெறும் வெளியையே கொண்டிருப்பதால், உறைபனி புல்லை வெளுக்கும் மார்கழி இரவுகளில் விறகின் உஷ்ணத்திற் பெரும்பங்கு மேலெழுந்து ஆகாயத்துக்குத் தானமாகிவிடுகிறது. தவழ்ந்து நுழையும் சிறு வாயிலும் அடர்ந்த புல் வேய்ந்த வளைகூரையுமாகக் குடில் அமைத்த இம்மலைப் பழங்குடியினரான தோடர்கள் உஷ்ணம் காக்கும் சூட்சுமத்தை நன்கறிந்தவர்கள். புல்லிடையே சிறைப்பட்ட அசைவற்ற காற்றே அவர்களுடைய கம்பளி.

உஷ்ணம் காக்கவென விற்கப்படும் கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும் இவ்வாறே காற்றைச் சிறைப்படுத்துகின்றன. மச்சில் யாரும் வசிக்கவில்லையெனில், கூரைக்கடியில் ஒட்டுவதைவிட மச்சுத் தரையின் மீதே நாலைந்து அங்குலக் கனத்தில் இடைவெளியின்றிப் பரப்புவது உசிதம். காலி மச்சுக்குக் குளிர்காய வேண்டிய அவசியமில்லை அல்லவா? தெர்மக்கோல் மலிவுதான், ஆயினும் எளிதில் தீப்பற்றும் அதைப் பழைய மின்கம்பிகளுக்கு அருகே வைக்க நான் சம்மதியேன்.

குளிரைவிடப் பெரிய சத்துரு ஈரம். நனைந்த பஞ்சு உஷ்ணத்தைக் காவாது. ஆதலால், இரண்டு பருவமழைகளையும் காணும் இம்மலையில், முதலில் கூரையின் ஒழுக்கை அடைத்து, சமையலறை ஆவி மேலேறும் பலகை இடுக்குகளையும் மூடி, இறவாரத்துக் காற்றுத் துவாரங்களை மட்டும் திறந்தே விட்டு, அவற்றுக்கு எலி நுழையாத கம்பிவலை அடித்த பின்னரே பஞ்சு வாங்கப் புறப்பட வேண்டும்.