வீட்டு விலாசத்தில் முதலாளியின் கம்பெனி! கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்

"தம்பி! புதிதாக ஒரு கம்பெனி தொடங்குகிறேன். ஆபீசுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. உன் வீட்டு விலாசத்தைக் கொடு. இரண்டு மாதத்தில் மாற்றி விடுகிறேன்."

முதலாளி இப்படிக் கேட்டால், "முடியாது" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சம்பளம் கொடுக்கிறவர் ஆயிற்றே! கரண்ட் பில்லை எடுத்துக் கொடுக்கிறோம். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டு விடுகிறோம்.

அந்தக் கையெழுத்தால் என்னென்ன வரும்? குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

விலாசம் எதற்கு?

கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள். அதற்குப் பெயர் உண்டு. சொத்து உண்டு. கடன் உண்டு. ஆனால் உடம்பு கிடையாது! உடம்பு இல்லாத ஆளை எங்கே போய்த் தேடுவது?

அதனால்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும் "பதிவு அலுவலகம்" என்று ஓர் இடம் இருக்க வேண்டும் என்கிறது, 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். கம்பெனி பதிவான 30 நாளுக்குள் அந்த இடம் இருந்தாக வேண்டும். வாசலில் கம்பெனியின் பெயர்ப் பலகை இருக்க வேண்டும். அந்தப் பெயர் உள்ளூர் மொழி எழுத்திலும் இருக்க வேண்டும்.

இடத்துக்கு அத்தாட்சியாக, வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்சார பில் அல்லது காஸ் பில் கேட்பார்கள். முதலாளி உங்களிடம் கேட்பது இவற்றைத்தான்.

வீடு போய்விடுமா?

போகாது. விலாசம் கொடுத்ததால் மட்டும் வீடு கம்பெனிக்குச் சொந்தம் ஆகிவிடாது. கம்பெனியின் கடனுக்கு நீங்கள் பொறுப்பும் அல்ல. அந்தப் பயம் வேண்டாம்.

தொல்லை வேறு வழியில் வருகிறது.

அரசாங்கக் கடிதம், வரி நோட்டீஸ், கோர்ட்டு சம்மன் எல்லாம் பதிவான விலாசத்துக்கே வரும். கம்பெனி வரி பாக்கி வைத்தால், அதிகாரிகள் அங்கேதான் வந்து கதவைத் தட்டுவார்கள்.

கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜப்தி உத்தரவோடு அமீனா உங்கள் வாசலுக்கு வரலாம். "டி.வி. என்னுடையது. பீரோ என் மனைவியுடையது" என்று வாயால் சொன்னால் போதாது. ஜப்தி செய்து விட்டால், கோர்ட்டில் ஆட்சேப மனு போட வேண்டும். ரசீதைக் காட்டி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் பொருள் திரும்பி வரும். ஆனால், தெருவில் போன மானம் திரும்பி வருமா?

கம்பெனியின் விலாசம் ரகசியமும் அல்ல. மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். கம்பெனியின் கடிதத் தாளிலும் பில்லிலும் அதை அச்சிட வேண்டும். ஏமாந்தவர்கள் தேடி வருவதும் அந்த வீட்டுக்குத்தான்.

கணக்குக் காட்டாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்களை 2017-ம் ஆண்டில் மத்திய அரசு பதிவேட்டில் இருந்து நீக்கியது. ஒரு கம்பெனி உண்மையில் தொழில் நடத்தவில்லை என்று சந்தேகம் வந்தால், பதிவாளர் நேரில் வந்து இடத்தைச் சோதிக்கலாம். இதற்கு 2019-ம் ஆண்டு திருத்தச் சட்டம் வழி செய்திருக்கிறது.

வாடகை வீடா? கரண்ட் என்ன ஆகும்?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. குடியிருக்க வாங்கிய வீட்டைச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் கம்பெனிக்குக் கொடுத்தால், "வீட்டைக் காலி செய்" என்று அவர் வழக்குப் போட இடம் ஏற்படும்.

வீட்டு மின்சாரத்தில் வியாபாரம் நடந்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அது அனுமதி இல்லாத உபயோகம். உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கேட்பார்கள்.

"நீயும் ஒரு டைரக்டர்!"

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். "சும்மா பெயருக்குத்தான். நீயும் டைரக்டராக இரு" என்பார்கள். மனம் குளிர்ந்து விடாதீர்கள்!

கம்பெனி தொடர்ந்து 3 ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால், டைரக்டர் 5 ஆண்டுக்குத் தகுதி இழப்பார். பிரைவேட் கம்பெனியிடம் ஜி.எஸ்.டி. பாக்கியை வசூலிக்க முடியாமல் போனால், அப்போது இருந்த டைரக்டர்களிடம் அதைக் கேட்கலாம். தங்கள் மீது பெரிய தவறு இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

விலாசம் கொடுத்தவருக்கு வருவது தொல்லை. டைரக்டர் ஆனவருக்கு வருவது கடன்!

வேலையை விட்டால்?

நீங்கள் வேலையை விடலாம். ஆனால் விலாசம் உங்களோடு வராது. அது கம்பெனியின் ஏட்டிலேயே இருக்கும். அதை மாற்ற வேண்டியது கம்பெனி. கம்பெனி தீர்மானம் போட வேண்டும். மாற்றிய 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு ரூ.1,000 வீதம், ரூ.1 லட்சம் வரை கம்பெனிக்கு அபராதம் உண்டு. தவறு செய்த நிர்வாகிகளுக்கும் அதே அபராதம்.

என்ன செய்யலாம்?

1. "வீட்டில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று தவணை கேளுங்கள். அவசரக் கையெழுத்து வேண்டாம்.

2. கொடுக்கத்தான் வேண்டும் என்றால், எத்தனை மாதத்துக்கு என்பதைச் சம்மதக் கடிதத்திலேயே எழுதுங்கள். வேலையை விட்டால் சம்மதமும் முடியும் என்று எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார், பான் கார்டு நகல்களில் "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள்.

4. ஏற்கனவே கொடுத்து விட்டீர்களா? விலாசத்தை மாற்றும்படி கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மாற்றாவிட்டால், சென்னை அல்லது கோவையில் உள்ள கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவும் இருந்தால் அந்த அதிகாரிக்கும் எழுதுங்கள்.

5. கம்பெனி பெயருக்கு வரும் நோட்டீசைக் கிழித்துப் போடாதீர்கள். அந்த விலாசத்துக்கு அனுப்பினால், கம்பெனிக்கே அனுப்பியதாகச் சட்டம் கொள்ளும். அனுப்பியவருக்கு உண்மை நிலையை எழுத்தில் தெரிவியுங்கள்.

முதலாளிக்கு உழைப்பைக் கொடுங்கள், நாணயத்தைக் கொடுங்கள். வீட்டு வாசலைக் கொடுப்பதற்கு முன் மட்டும், அந்த வீட்டில் இருக்கும் அனைவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.