உங்களுக்குத் தெரியுமா? விண்கலத்தில் கரண்ட் போனால்...

1961 ஏப்ரல் 12-ல் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தாரே, அந்த வஸ்தோக் கலம் ஓடியது வெள்ளி–துத்தநாக பேட்டரியில். அடுத்த ஆண்டு ஜான் கிளென் பறந்த அமெரிக்காவின் மெர்க்குரி கலத்திலும் அதே வகைதான், மொத்தம் ஆறு. ஐந்து மணி நேரப் பயணத்துக்கு அது தாராளம். நிலவுக்குப் போய்த் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளுக்கும் பேட்டரியை ஏற்றினால் எடை தாங்காது.

அதற்குக் கிடைத்த வழிதான் எரிபொருள் மின்கலம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இதற்குள் தீப்பிடிக்காமல் ஒன்றுசேரும். மின்சாரம் வரும், கூடவே தண்ணீரும் வரும். மனிதர் பறந்த கலத்தில் இது முதலில் ஏறியது 1965 ஆகஸ்டில், ஜெமினி 5-ல். கார்டன் கூப்பரும் பீட் கான்ராடும் எட்டு நாள் சுற்ற வேண்டும். கிளம்பிய சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தொட்டியின் ஹீட்டர் கெட்டது. சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டாக இருந்த அழுத்தம் 70-க்கும் கீழே சரிந்தது. ஒவ்வொரு கருவியாக அணைத்துவிட்டு, இருவரும் காத்திருந்தார்கள். அதே மாதிரி மின்கலத்தைத் தரையில் குறைந்த அழுத்தத்தில் ஓட்டிப் பார்த்த பொறியாளர்கள், தாங்கும் என்றார்கள். தாங்கியது. ஏறத்தாழ எட்டு நாளும் முடித்தே இறங்கினார்கள். கான்ராடை மறந்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு முறை வருவார்.

அப்பல்லோ கலங்களின் மின்கலத்துக்கு மூலம் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் உழைப்பு. 1930-களில் தொடங்கியவர், 1959-ல்தான் வெல்டிங் மெஷின் ஓடும் அளவுக்கு மின்சாரம் எடுத்துக் காட்டினார். நிலவுக்குப் போன வீரர்கள் வழியில் குடித்தது இந்த மின்கலங்களில் ஊறிய தண்ணீரைத்தான்.

1969 நவம்பர் 14. மழை மேகத்துக்குள் ஏறிய அப்பல்லோ 12-ஐ 36-வது விநாடியில் மின்னல் தாக்கியது. 52-வது விநாடியில் மறுபடியும். மூன்று மின்கலங்களும் இணைப்பிலிருந்து கழன்றன. எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன. தரைக்கு வந்த அளவீடுகள் எல்லாம் குப்பை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் மின்சாரப் பிரிவைக் கவனித்த 26 வயது ஜான் ஆரனுக்கு, முன்பு ஒரு சோதனையில் பார்த்த இதே மாதிரிக் குளறுபடி நினைவுக்கு வந்தது. ஒரேயொரு ஸ்விட்சை மாற்றச் சொன்னார். கலத்தின் தலைவருக்கு அது எது என்றே தெரியவில்லை. கூடப் பறந்த ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. அளவீடுகள் திரும்பின. மின்கலங்களும் இணைந்தன. அந்தத் தலைவர்தான் கான்ராட்.

அடுத்து அப்பல்லோ 13. ஆக்சிஜன் தொட்டியின் ஹீட்டர் ஸ்விட்ச் 28 வோல்ட்டுக்குச் செய்தது. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டது, சூடேறி உள்ளே ஒயரின் மேலுறை கருகியது. 1970 ஏப்ரல் 13-ல் தொட்டி வெடிக்க, மின்கலங்கள் ஓய்ந்தன. கலத்தில் இருந்த வீரர்கள் மூவரும் நிலவில் இறங்கும் கலத்துக்குள் புகுந்து, அதன் பேட்டரியை நம்பி வந்தார்கள். செலவைச் சுமார் 12 ஆம்பியருக்குக் குறைத்தார்கள். வாட் கணக்கில் பார்த்தால், நம் வீட்டு மிக்ஸி இழுப்பதைவிட அது குறைவு! தாய்க்கலம் குளிர்ந்து, கருவிப் பலகையெல்லாம் நீர்த்துளி. அதை மறுபடி உயிர்ப்பிக்கும் வரிசையை வகுத்தவர்களிலும் அதே ஜான் ஆரன் இருந்தார். 1967-ல் அப்பல்லோ 1 தீவிபத்தில் மூன்று பேரைப் பறிகொடுத்தபின் ஒயர்களின் காப்பைப் பலப்படுத்தியிருந்ததால், அந்த ஈரத்திலும் ஷார்ட் சர்க்யூட் ஆகவில்லை.

மின்சாரத்துக்கு இன்னொரு வழி வெயில். ஆள் ஏறிய கலங்களில் வெயிலை நம்பிய முதல் கலம் சோவியத்தின் சோயுஸ் 1. 1967 ஏப்ரல் 23-ல் ஏறியதும் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவே இல்லை. பாதி மின்சாரத்தோடு போராடிய விளாதிமிர் கொமரோவ் கலத்தைத் திருப்பிப் பூமிவரை கொண்டுவந்துவிட்டார். கடைசியில் பாராசூட் விரியாமல் உயிர் போனது.

1973 மே 14-ல் ஏவிய அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கும் சூரியத் தகட்டில்தான் சிக்கல். ஒரு சூரிய இறக்கை பிய்ந்துபோனது, இன்னொன்று ஓர் அலுமினியப் பட்டையில் மாட்டிக்கொண்டது. ஜூன் 7-ல் கான்ராடும் ஜோசப் கெர்வினும் வெளியே போனார்கள். நீளக் கம்பத்தின் நுனியில் வெட்டும் கருவி. அதை வைத்துப் பட்டையை அறுத்தார்கள். பிறகு கயிற்றைத் தோளில் போட்டு நெம்ப, இறக்கை திடீரென விடுபட்டது. இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். இடுப்புக் கயிறு இழுத்துப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால், இறக்கை விரிந்து வெயிலில் நின்றது.