சிறுநீர் ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டிய எண்

நாய்க்கோ பூனைக்கோ எடுத்த சிறுநீர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கண் பிளஸ் குறிகளைத்தான் தேடிப் போகிறது. புரதம் ஒரு பிளஸ், வெள்ளணு இரண்டு பிளஸ். அவற்றை எடைபோட அதே தாளில் வேறோர் எண் இருக்கிறது: ஒப்படர்த்தி. அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்.

சுத்தமான தண்ணீரின் ஒப்படர்த்தி 1.000. ரத்தத்திலிருந்து சிறுநீரகம் முதலில் வடித்தெடுக்கும் நீர் 1.008 முதல் 1.012 வரை இருக்கும். உடம்புக்கு வேண்டிய தண்ணீரை நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்போதுதான் சிறுநீர் அடர்த்தியாகிறது. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப்பூனையால் 1.080 வரைகூடப் போக முடியும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நாய்க்கு 1.030க்கு மேலும், பூனைக்கு 1.035க்கு மேலும் இருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது எனலாம். அப்போதும் 1.010ஐ ஒட்டியே நின்றால் கவலைப்பட வேண்டும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் செயலிழந்ததும் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறையும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஏறுவது பெரும்பாலும் முக்கால் பங்கு போன பின்தான். வயதான பூனை வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தால், ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிடாதீர்கள்.

ஒரே ஒரு முறை எண் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நாய் அப்போதுதான் நிறையத் தண்ணீர் குடித்திருக்கும், சலைன் ஏற்றியிருப்பார்கள், ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை மறுபடி பார்க்க வேண்டும்.

இதை அளப்பது ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கைக்கடக்கமான குழல். முனையிலுள்ள கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். கோடு நிற்கும் இடமே அளவு. நிறம் மாறும் பரிசோதனைப் பட்டையிலும் ஒப்படர்த்திக்கு ஒரு கட்டம் உண்டு; விலங்குகளுக்கு அதை நம்பவே கூடாது.

அந்தப் பட்டை மனிதருக்காகச் செய்யப்பட்டது. அதன் வெள்ளணுக் கட்டம், நோய்த்தொற்றே இல்லாத பூனைக்கும் பாசிட்டிவ் காட்டும். தொற்று இருக்கிற நாய்க்கு நெகட்டிவ் காட்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல், கல்ச்சர் செய்யாமல், அந்த இரண்டு பிளஸ்ஸை நம்பி ஆன்டிபயாட்டிக் தொடங்குவது தவறு. பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியில் நாயும் பூனையும் நேர் எதிர். அடர்த்தியான நாய்ச் சிறுநீரில் அது கொஞ்சம் இருப்பது இயல்பு. பூனைக்குத் துளி தெரிந்தாலும் கல்லீரலையும் ரத்தச் சிதைவையும் சோதிக்க வேண்டும்.

புரதத்துக்கு வருவோம். 1.050 அடர்த்தியில் ஒரு பிளஸ் பெரும்பாலும் பொருட்டல்ல, 1.010இல் அதே ஒரு பிளஸ் நிறையப் புரதம் ஒழுகுவதன் அடையாளம். உறுதிப்படுத்த, புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். தொற்றோ ரத்தக் கசிவோ இல்லாமல் அது நாய்க்கு 0.5ஐ, பூனைக்கு 0.4ஐத் தொடர்ந்து தாண்டினால் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பூனையின் சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் உடனே நீரிழிவு என்று முடிவு கட்டக்கூடாது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் அறையில் உட்காரவைத்தால் பயத்திலேயே அதன் ரத்தச் சர்க்கரை எகிறும். சில சமயம் சிறுநீரிலும் இறங்கும். சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமின் சோதனை சந்தேகத்தைத் தீர்க்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பாட்டிலில் பிடித்த சிறுநீரும் சர்க்கரை இருப்பதாகக் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படிகங்களும் அப்படித்தான். ஃபிரிட்ஜில் வைத்த சாம்பிளில் அவை தாமாகவே உருவாகும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. படிகம் இருப்பதால் கல் இருக்கிறதென்று அர்த்தமில்லை, கல்லுள்ள விலங்கின் சிறுநீரில் படிகமே இல்லாமலும் போகலாம். ஸ்கேனும் எக்ஸ்ரேயும்தான் கல்லைக் காட்டும்.

ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் சொட்டுகூட வரவில்லையென்றால் சாம்பிள் பிடிக்க முயலாதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். நடு இரவானாலும் அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.