சேற்றைப் பிழியக் கணிப்பொறி போடும் கணக்கு

தாதுச் சுரங்கங்களில் பாறையை மாவுபோல் அரைத்து, வேண்டிய தாதுவைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சுவது நீர் கலந்த கழிவுச் சேறு. பல இடங்களில் இதனை அணை கட்டித் தேக்கி வைக்கிறார்கள். இதில் உள்ள ஆபத்தை முதலில் பார்ப்போம்.

பிரேசில் நாட்டில் புருமாஜின்யோ என்னும் ஊருக்கு அருகே ஓர் இரும்புச் சுரங்கம். அங்கே 2019ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் இத்தகைய அணை ஒன்று உடைந்தது. அது பகலுணவு நேரம். கீழே இருந்த உணவுக் கூடத்தையும் அலுவலகத்தையும் சேறு மூடிவிட்டது. 270 பேர் மாண்டனர். கெட்டியாகத் தோன்றிய சேறு, உள்ளே தங்கியிருந்த நீரால் வலுவிழந்து குழம்பாக ஓடிவிட்டது என்று ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

அப்படியானால், நீரைப் பிழிந்துவிட்டு மண்ணை மட்டும் அடுக்கி வைப்பது நல்லதல்லவா? அதற்கென்று பொறிகள் உள்ளன. துணி போர்த்திய தட்டுகளுக்கு இடையே சேற்றை அழுத்திச் செலுத்துவார்கள். நீர் துணி வழியே வெளியேறும். மண் அடையாகப் படியும்.

நாம் வீட்டில் கோப்பியைத் துணியில் வடிகட்டும்போது, தூள் படியப் படிய நீர் இறங்கும் வேகம் குறைகிறது. மண் அடையிலும் இதுவே நடக்கிறது. மணலின் ஊடே நீர் செல்லும் விதியைப் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856இல் வெளியிட்டார். அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும். அடை தடித்தால் ஓட்டம் குறையும். அழுத்தம் மாறாதிருந்தால், அடை இருமடங்கு தடிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும்.

களிமண் கலந்திருந்தால் சிக்கல் அதிகம். அழுத்த அழுத்த அடை இறுகி, நீர் செல்லும் வழியை அதுவே அடைத்துக்கொள்ளும். இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. அடையைப் பல மெல்லிய ஏடுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வோர் ஏட்டிலும் அழுத்தம் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. எவ்வளவு அழுத்தலாம், எப்போது நிறுத்தலாம், எத்தனை பொறிகள் வேண்டும் என்பவற்றைப் பொறி வாங்கும் முன்பே அறிந்துகொள்ளலாம்.

ஆனால், கணிப்பொறி சேற்றை நேரில் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் மனிதர் அளந்து தரும் எண்களையே நம்புகிறது. சுரங்கத்தைத் தோண்டத் தோண்ட மண்ணும் மாறும். பழைய எண்களையே கொடுத்தால் விடை தவறும். அடையில் ஈரம் மிஞ்சும். அடுக்கிய மண் சரியவும் கூடும். ஆகவே, சேற்றை அடிக்கடி எடுத்து அளந்து பார்ப்பது அவசியம். கீழே வேலை செய்வோரின் உயிர் அந்த அளவையும் நம்பியிருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.