வீட்டு சர்வருக்கும் ஒரு வாட்ச்மேன் வேண்டும்!

'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' - மொபைலில் இந்த அறிவிப்பைப் பார்க்காதவர்கள் குறைவு. அளவில்லாமல் இலவசமாக போட்டோ சேமிக்கும் வசதியை கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ம் தேதி நிறுத்தியது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்தே 15 ஜிபிதான் இலவசம். அதைத் தாண்டினால் சந்தா.

இதற்கு மாற்று, வீட்டிலேயே ஒரு சின்ன சர்வர். மயிலாப்பூர், தி.நகர்வாசிகளுக்கு ரிச்சி தெரு பக்கம்தான். அங்கே ஒரு பழைய மினி கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும் வாங்கி, 'இமிச்' என்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். வீட்டு வைஃபையில் எல்லாம் சுலபமாக நடக்கும். அமெரிக்காவில் இருக்கும் மகளும் அதே ஆல்பத்தைப் பார்க்க வேண்டும் என்றால்தான் சிக்கல்.

கதவைத் திறந்து போடாதீர்கள்

இமிச் 2283 என்ற 'போர்ட்' வழியாக இயங்குகிறது. ரவுட்டரில் அதை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிட்டால், பாஸ்வேர்டு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பயணிக்கும். திறந்த போர்ட்டுகளைத் தேடி அலையும் புரோகிராம்களும் இணையத்தில் ஏராளம்.

இங்கேதான் 'ரிவர்ஸ் ப்ராக்ஸி' வருகிறது. அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தாலும் கேட்டில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எந்த வீடு என்று கேட்டு அவர் அனுப்புவார். அதேபோல, போட்டோவுக்கு ஒன்று, ஃபைல்களுக்கு ஒன்று என எத்தனை ஆப் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே வாசல்தான்.

இகோர் சிசோயேவ் 2004-ல் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' இதற்குப் பிரபலம். புதியவர்களுக்கு 'கேடி' இன்னும் எளிது. 'லெட்ஸ் என்க்ரிப்ட்' தரும் இலவச பாதுகாப்புச் சான்றிதழை அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.

இவற்றை மறக்காதீர்கள்

* என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பி-க்கு மேல் எதையும் அப்லோடு செய்ய விடாது. மொபைல் போட்டோக்கள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. அந்த வரம்பை உயர்த்தாவிட்டால் '413' என்ற பிழைதான் வரும்.

* பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அப்படியானால் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்தும் பலன் இல்லை. தனி ஐபி கேட்டு வாங்க வேண்டும். குடும்பத்தினருக்கு மட்டும் என்றால் 'டெயில்ஸ்கேல்' போன்ற தனிப்பாதை போதும். வெளி வாசலே தேவையில்லை.

* வாட்ச்மேன் இருக்கிறார் என்று வீட்டைப் பூட்டாமல் போவோமா? இமிச்சை அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள். பாஸ்வேர்டு வலுவாக இருக்கட்டும்.

வெள்ளத்துக்கு வாட்ச்மேன் கிடையாது

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டையில் தரைத்தள வீடுகள் மூழ்கின. ரிவர்ஸ் ப்ராக்ஸி திருடனைத்தான் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சர்வர் இருக்கும் அறையிலேயே பேக்கப்பும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். இதுதான் பேக்கப்பின் பொது விதி. மதுரையில் இருக்கும் சித்தப்பா வீட்டு அலமாரியில் ஒரு ஹார்டு டிஸ்க் வைத்து, போகும்போதெல்லாம் புதுப்பித்தால் போதும். அதைச் செய்யும் வரை பழைய சந்தாவை நிறுத்த வேண்டாம்.