குறையிற் பிறந்த சுவை

ஒரு நாட்டு மக்களின் பண்பாட்டை அறிய விழைவோர் அவர்தம் இலக்கியத்தையும் கோயில்களையும் ஆராய்வர். அவர்கள் நாள்தோறும் கையிலேந்தும் குவளையை ஆராய்வார் சிலரே. ஆயினும், மக்கள் வரலாறு சில வேளைகளில் அரண்மனையிலும் பார்க்க அடுக்களையிலேயே தெளிவாகத் துலங்கும். வியட்நாமியரின் கோப்பி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கோப்பிச் செடி அந்நாட்டுக்கு உரியதன்று. 1857ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் அதனை ஆங்கு கொண்டுசென்றனர் என்பர். செடியோடு சொல்லும் சென்றது. பிரெஞ்சு மொழியின் 'கஃபே' வியட்நாமியர் நாவில் 'கா ஃபே' ஆயிற்று. வடிகருவியைக் குறித்த பிரெஞ்சுச் சொல் 'ஃபின்' எனச் சுருங்கிற்று.

முதலில் நடப்பட்டது உலகச் சந்தை உயர்ந்தது எனப் போற்றும் அரபிக்கா. அது மலைக் குளிர்ச்சியை வேண்டுவது; இலைத்துரு நோய்க்கு எளிதில் இரையாவது. அந்நோயை நமக்கு எவரும் அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. 1869இல் இலங்கைத் தோட்டங்களிற் கண்டறியப்பட்ட அப்பூஞ்சணமே, இருபது ஆண்டுகளுக்குள் இங்குக் கோப்பித் தொழிலை வீழ்த்தி, மலைநாட்டைத் தேயிலை நாடாக்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறிய தொழிலாளர் முதலில் நாடிவந்தது கோப்பித் தோட்டங்களையே என்பதை நாம் மறத்தலாகாது.

நோய் கிழக்கே பரவியபோது யாவாத் தீவிலே தோட்டக்காரர் கண்ட மாற்று, ஆபிரிக்காவிலே தோன்றிய றொபஸ்ரா என்னும் இனமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வியட்நாமையும் அடைந்தது. அது நோயைத் தாங்கும், தாழ்ந்த நிலத்திலும் வளரும், மிகுதியாகக் காய்க்கும். ஆனால் கசப்பு மிக்கது. கஃபீன் என்னும் சத்தும் அரபிக்காவிலும் பார்க்க ஏறத்தாழ இருமடங்கு உடையது. சந்தை அதனை இரண்டாந் தரம் என ஒதுக்கிற்று. இன்று வியட்நாமில் விளையும் கோப்பியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு அந்த இரண்டாந் தரமே. எஞ்சியவற்றுள் தலாத் மலைகளில் விளையும் அரபிக்காவும், பலா இலையை ஒத்த இலையுடைமையால் 'பலாக் கோப்பி' என அம்மக்கள் அழைக்கும் இனமும் குறிப்பிடத்தக்கன.

கிடைத்தது கசப்பு. அதனை அம்மக்கள் என் செய்தனர்?

கசப்பை மறைக்க முயலாது, அதனை முழுமையாக்கினர். கொட்டையைக் கருமை படர வறுத்தனர். வறுக்கும்போது வெண்ணெயும், சிலவிடத்துச் சீனியும் அரிசி மதுவும் சேர்த்தனர். பின்னர் ஃபின் தன் பணியைத் தொடங்கும். அடியில் நுண்டுளைகளையுடைய சிறு உலோகக் கிண்ணம் அது. குவளையின் வாயில் அதனை இருத்தித் தூளை இட்டு, துளைத்தட்டினால் அமர்த்தி, சிறிது வெந்நீரில் ஊறவிட்டு, மீதியை ஊற்றி மூடுவர். கோப்பி சொட்டுச் சொட்டாக இறங்கும். அதனை விரைவுபடுத்த வழியில்லை. காத்திருக்கும் அவ்வேளையே உரையாடலுக்கு உரிய வேளை.

பாலுக்கும் அவர்கள் ஒரு வழி கண்டனர். பசும்பால் அரிதான அந்நாட்டிலே, தகரத்தில் அடைத்து வந்த இனிப்புக் கட்டிப்பால், நம்மூர்த் தேநீர்க் கடைகளில் 'ரின்பால்' எனப்படுவது, குவளையின் அடியில் இடம்பெற்றது. கடுங்கசப்பும் கடுந்தித்திப்பும் ஒன்றையொன்று அடக்கின. தெற்கே அதில் பனிக்கட்டி இட்டு அருந்துவர்; அப்பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லுக்குக் 'கல்' என்பதே மூலப்பொருள். சைகோன் நகரின் சோலோன் பகுதிச் சீனர், துணிப்பையில் வடித்த கோப்பியைச் சிறிதாகவும் பாலை மிகுதியாகவும் கலந்து வேறொரு பானம் ஆக்கினர்.

1946இல் பிரெஞ்சுக்காரரோடு போர் மூண்ட காலத்தில் ஹனோய் நகரில் பாலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. மெற்றோபோல் விடுதியிலே பானங் கலப்பவராயிருந்த நுயென் வான் யாங் என்பவர், முட்டையின் மஞ்சட் கருவைச் சீனியோடு நுரைக்க அடித்துக் கோப்பியின்மேல் இட்டார். பஞ்சம் தந்த அம்முட்டைக் கோப்பி, பஞ்சம் நீங்கிய பின்னும் நீங்கவில்லை. அவர் பெயரால் அமைந்த கடை இன்றும் ஹனோயில் உண்டு. பழைய தலைநகராகிய ஹுவேயில் 2010இல் உப்புக் கோப்பி தோன்றிற்று. சிட்டிகை உப்புக் கசப்பைத் தணிக்கும் என்பதை நாவும் அறியும், அறிவியலும் ஒப்பும்.

ஆயினும் குவளையின் இனிமையில் மயங்கி அதன் அடியிற் கிடப்பதைக் காணாது விடுதல் தகாது. 1980இல் கோப்பித் தட்டுப்பாட்டால் வருந்திய கிழக்கு ஜேர்மனி, வியட்நாமோடு உடன்படிக்கை செய்து தோட்டங்களுக்குப் பொருளுதவி அளித்தது. மரங்கள் பயன்தரத் தொடங்கிய 1990இலோ அந்த நாடே இல்லாது போயிற்று. 1986இல் வந்த பொருளாதாரச் சீர்திருத்தத்தின்பின் மத்திய மேட்டுநிலத்தில் குடியேற்றம் பெருகிற்று, காடுகள் அழிந்தன, எடே, ஜாராய் முதலிய பழங்குடியினரின் நிலங்கள் கைமாறின. அந்த நூற்றாண்டு முடியுமுன் வியட்நாம் பிறேசிலுக்கு அடுத்த நிலையை எய்திற்று. ஆனால் 2001ஆம் ஆண்டளவில் உலக விலை சரிந்தபோது, உழவர் தாம் நட்ட மரங்களைத் தாமே வெட்ட நேர்ந்தது. 2024இல் வறட்சியால் விளைவு குன்றி, அதே றொபஸ்ராவின் விலை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. மரம் ஒன்றே; உழவன் வாழ்வு மட்டும் தொலைதூரச் சந்தையின் அசைவுக்கேற்ப ஏறி இறங்குகின்றது.

இன்னொன்றுமுண்டு. துறைமுகம் கடந்ததும் இக்கோப்பி தன் பெயரை இழக்கின்றது. ஐரோப்பியரின் உடனடிக் கோப்பித் தூளில் அது கலந்திருப்பினும், அருந்துவோர் பலர் அதன் ஊரை அறியார். மேட்டுநிலத்தின் புவோன் மா துவோத் என்னும் ஊர்ப்பெயர் 2005இல் அங்கு விளையும் கோப்பிக்கு உரிய காப்புப் பெயராகப் பதிவானமை இந்நிலையை மாற்றும் முயற்சியே.

உயர்ந்தது, தாழ்ந்தது என்னும் தரங்களை வகுப்போர் பெரும்பாலும் விதைப்பவர் அல்லர். தாழ்ந்தது எனத் தள்ளப்பட்ட கொட்டையையும், தகரப் பாலையும், சிறு உலோகக் கிண்ணத்தையும் கொண்டு ஒரு மக்கள் தமக்கென ஒரு சுவையை வகுத்துக்கொண்டனர். அச்சுவையைப் பிறர் இன்று விலைகொடுத்து நாடுகின்றனர். அவ்விலையில் மேட்டுநில உழவனுக்குச் சேரும் பங்கும் அச்சுவைக்கு ஒப்ப உயருமாயின், அதுவே அக்கோப்பிக்கு உலகம் செய்யும் மெய்யான மதிப்பாகும்.