இல்லத்திலேயே ஒரு வலையமைப்புப் பயிற்சிக்கூடம்

திருவனந்தபுரத்துத் தம்பானூரை அறியாத குமரி நாட்டுத் தமிழர் மிகச் சிலரே. ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் அங்கே எதிரெதிராக அமைந்துள்ளன. நாகர்கோவில், குழித்துறை முதலிய ஊர்களிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருவோர் வந்து இறங்கும் இடம் அது. 1990ஆம் ஆண்டில் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தோன்றிய பின்னர், கணினித் தொழிலை நாடி வரும் இளைஞர்களும் அக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டனர். அவர்களுள் பலர் கணினி வலையமைப்புத் துறையில் ஒரு சான்றிதழ் பெற விரும்புகின்றனர். அதற்கான பயிற்சியை வீட்டிலேயே, கைக்கு அடங்கிய செலவில், எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் தேர்வைப் பற்றிச் சில சொற்கள். சிஸ்கோ நிறுவனம் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய சி.சி.என்.ஏ. என்பதே இத்துறையில் பெரிதும் அறியப்பட்ட தொடக்கநிலைச் சான்றிதழ். பல கிளைகளாக இருந்த அதன் தேர்வுகள், 2020 பிப்ரவரி 24ஆம் நாள் முதல் 200-301 என்னும் ஒரே தேர்வாயின. அதற்கு 120 நிமிடம் அளிக்கப்படுகிறது. சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். கட்டணம் டாலர்க் கணக்கில் அமைந்திருப்பதால், நடுத்தரக் குடும்பத்திற்கு அது பல மாதச் சேமிப்பாகும். இத்துணைப் பணத்தை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால், சிலர் முன்னரே கசிந்த வினாக்களை விலைக்கு வாங்கி மனப்பாடம் செய்கின்றனர். அது தேர்வு விதிக்கு மாறானது. அறியப்பட்டால் சான்றிதழும் பறிபோகும். அறியப்படாமற் போனாலும் ஓர் இடர் காத்திருக்கிறது. வேலையில் அமர்ந்த முதல் வாரத்தில் இணைப்பு ஒன்று அறுந்துவிட்டால், மனப்பாடம் செய்த விடை அங்கே உதவாது. கை பழகியிருந்தால்தான் உதவும். அப்பழக்கத்தைத் தருவதே வீட்டுப் பயிற்சிக்கூடத்தின் பயன்.

வலையமைப்பின் அடிப்படையை விளக்கத் தம்பானூரே நல்ல உதாரணமாகும். அங்கிருந்து சென்னைக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. திருவனந்தபுரம் மெயில் வடக்கே கொல்லம், கோட்டயம், பாலக்காடு வழியாகச் செல்கிறது. அனந்தபுரி விரைவு வண்டியோ தெற்கே நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழியாகச் செல்கிறது. இத்தெற்கு வழி 1981இல் ரயில் பாதை முழுமையாக அமைந்த பிறகே கிடைத்தது. பயணி சேர வேண்டிய ஊர் ஒன்றே. எவ்வழியில் அனுப்புவது என்பதை நிலையம் முடிவு செய்ய வேண்டும். வலையமைப்பில் அம்முடிவைச் செய்யும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். ஒரே கட்டடத்திற்குள் இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது சுவிட்ச். ஒரு பாதை அடைபட்டால் மற்றப் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளும்படி ரூட்டர்களுக்குக் கற்பிக்கும் முறைகளுள் ஒன்றே ஓ.எஸ்.பி.எஃப். என்பது. இவற்றையெல்லாம் இயக்கிப் பார்க்கும் இடமே நாம் கூறும் பயிற்சிக்கூடம்.

இக்கூடத்திற்கு என்னென்ன வேண்டும்? தொடக்கத்தில் சாதாரணக் கணினி ஒன்றே போதும். சிஸ்கோவின் பயிற்சிக் கழகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்வோருக்குப் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ரூட்டர், சுவிட்ச், கம்பி ஆகிய அனைத்தையும் அது திரையிலேயே நடித்துக் காட்டும். சி.சி.என்.ஏ. பாடத்தின் பெரும்பகுதியை இதிலேயே பழகலாம். ஆனால் நடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. உண்மைக் கருவியின் கட்டளைகள் எல்லாம் இதில் இரா. அடுத்த படியாக ஜி.என்.எஸ்.3 போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இவை கருவிகளின் மெய்யான இயக்க மென்பொருளையே கணினிக்குள் ஓட்டுகின்றன. இதற்கு 16 ஜி.பி. அளவு நினைவகம் இருப்பது நலம். அவ்வியக்க மென்பொருளை உரிமத்துடன் பெறுவதே முறை என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது படி, கையால் தொட்டுப் பழகும் கருவிகள். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய ரூட்டர்களும் சுவிட்சுகளும் பழம்பொருள் சந்தையில் கிடைக்கின்றன. இரண்டு சுவிட்சும் இரண்டு ரூட்டரும் இருந்தால் போதுமானது. வாங்குமுன் மின்னூட்டி, அது முழுமையாகத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டளை இடுவதற்குக் கன்சோல் கம்பி ஒன்றும், கம்பி முனையில் இணைப்பான் பொருத்தும் கிரிம்பிங் கருவி ஒன்றும் வேண்டும். கம்பியின் எட்டு இழைகளை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் இரு முனைகளிலும் அமைத்துப் பழக வேண்டும். இவ்வேலை திரையில் பார்த்து வருவதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் கோடை மழையிலும், ஐப்பசி, கார்த்திகைத் துலாமழையிலும் மாலை வேளைகளில் இடி மின்னல் மிகுதி. மின்கம்பி வழியாகவும், வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்னலின் வேகம் கருவிக்குள் பாயும். ஆதலால் நில இணைப்பு சரியாக உள்ள மூன்று துளைப் பிளக்கையே பயன்படுத்துக. வானம் இருளத் தொடங்கும்போதே இணைப்புகளைக் கழற்றிவிடுக. வீட்டார் அன்றாடம் பயன்படுத்தும் இணைய இணைப்போடு பயிற்சிக் கருவிகளைச் சேர்க்காதிருப்பதும் நன்று.

இனிப் பயிலும் முறை. முதல் நாள் இரண்டு கணினிகளை ஒரு சுவிட்சில் இணைத்து, 192.168.10.10 என்றும் 192.168.10.20 என்றும் முகவரி இடுக. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் தனிப்பட்ட உபயோகத்திற்கென ஒதுக்கப்பட்டவை; ஆகவே யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம். பிங் என்னும் கட்டளையால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அழைத்து மறுமொழி பெறுக. பின்னர் ஒரே சுவிட்சை இரு பிரிவுகளாகப் பிரிக்கும் வீலான் முறை, பிரிவுகளுக்கிடையே ரூட்டர் வழிப் போக்குவரத்து, ஓ.எஸ்.பி.எஃப். என்று ஒவ்வொரு படியாக ஏறுக.

இவற்றுள் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். இரண்டு சுவிட்சுகளை ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகளால் இணையுங்கள். தடுப்பு ஏதும் இல்லாவிடில், செய்திகள் அவ்வட்டத்தில் ஓயாமல் சுழன்று வலையமைப்பையே முடக்கிவிடும். அதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985இல் வகுத்த முறைக்கு ஸ்பானிங் டிரீ என்று பெயர். அதன்படி ஒரு கம்பியின் வாயில் தானே அடைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். இப்போது தொடர்ந்து பிங் செய்துகொண்டே, இயங்கும் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். மறுமொழி நின்றுவிடும். பழைய முறையில் ஏறக்குறைய 30 வினாடிகள் கழித்து, அடைபட்டிருந்த வாயில் திறந்து, மறுமொழி மீண்டும் வரும். விரைவு முறைக்கு மாற்றிவிட்டு மறுபடியும் செய்து பாருங்கள். தடங்கல் வந்ததே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு பயணச்சீட்டு அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ அந்த 30 வினாடி எத்துணை நீண்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இம்முறையின் அருமை புலனாகும்.

இறுதியாக, பழுதைத் தேடும் பயிற்சி. ஒரு நண்பரை அழைத்து, நீங்கள் காணாதவாறு அமைப்பில் ஒரு பிழையைப் புகுத்தச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, 192.168.10.10 என்னும் கணினியின் உபவலை மறைப்பை மட்டும் 255.255.255.0 என்பதிலிருந்து 255.255.255.128 என்று அவர் மாற்றிவிடலாம். ரூட்டர் இல்லாத அச்சிறு அமைப்பில் .20 என்னும் கணினி மறுமொழி தரும்; .200 என்பது தராது. கம்பியும் நன்று, சுவிட்சும் நன்று, பின் ஏன்? புதிய மறைப்பின்படி அக்கணினி 127 வரையுள்ள எண்களையே தன் தெருவாகக் கருதுகிறது; .200 அதற்கு வேற்றூராகிவிட்டது. விளக்கு எரிகிறதா, கம்பி சரியா, முகவரி சரியா, மறைப்பு சரியா, பாதை உண்டா என்று கீழிருந்து மேலாகத் தேடுவதே ஒழுங்கான முறை. கண்ட பழுதையும், அதன் காரணத்தையும், அதைக் காண எடுத்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வருக.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஆறு மாதம் இவ்வாறு உழைப்பவருக்கு அக்குறிப்பேடே சிறந்த பாடநூலாக அமையும். நேர்முகத்தில் அமர்பவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும், “இணைப்பு அறுந்தால் முதலில் எதைப் பார்ப்பாய்?” என்பதே. பலமுறை தாமே அறுத்து, தாமே இணைத்துப் பழகியவர் அதற்குத் தயங்காமல் விடை கூறுவார்.